220/110... காந்திக்கும் இருந்தது பிபி! ஒரு மகாத்மாவின் இதயக் கதை

அம்பாசமுத்திரத்தில் எங்க பெரியப்பாவைத் தெரியாத ஆள் கம்மி. 68 வயசு. காலை 5.30 மணிக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாமிரபரணி ஆத்துப் பாலம் வரை நடந்துபோய், கல்லிடைக்குறிச்சி பக்கம் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வருவார். ஒல்லியான உடம்பு. தொப்பை கிடையாது, பீடி, சிகரெட் கிடையாது. ஊரில் நடந்த ஒரு மருத்துவ முகாமில் சும்மா கையை நீட்டியவருக்கு 176/104 என்று பிபி காட்டியபோது, மெஷின்தான் ரிப்பேர் என்று முடிவு கட்டிவிட்டார்.

மறுபடி பார்த்தார்கள். மூன்று நாள் கழித்து இன்னொரு இடத்திலும் பார்த்தார்கள். அதே கதைதான். மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஒரு அட்டையில் பாதி தீருவதற்குள் நிறுத்திவிட்டார். தலை சுத்தலை, நெஞ்சு வலிக்கலை, அப்புறம் எதுக்கு மாத்திரை என்பது அவர் வாதம். போதாக்குறைக்கு யாரோ மலை வேர்ப்பொடி ஒன்றைக் கொடுத்து, இதைச் சாப்பிட்டால் போதும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்த தடவை பார்த்த டாக்டர் இசிஜியும் எக்கோவும் எடுக்கச் சொன்னதும் பெரியப்பாவுக்குக் கோபமே வந்துவிட்டது. பிரஷருக்கு மாத்திரை கேட்டால் ஹார்ட்டை எதுக்குப் பார்க்கணும்? ஒல்லியா இருக்கிற, தினமும் நடக்கிற மனுஷனுக்கு எப்படி வரும் இந்த வியாதி?

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் அவருக்கு ஒரு ஆளின் கதையைச் சொன்னேன். அந்த ஆளும் ஒல்லிதான். அவரைவிட அதிகமாக நடந்தவர். புகை, மது எதுவும் தொடாதவர். பல வருஷம் உப்பையே விட்டவர். அவருக்கு 1940-ல் ரத்த அழுத்தம் 220/110. அவர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி.

நடந்துகொண்டே இருந்த மனுஷன்

காந்தியின் உடம்பைப் பற்றிய கணக்கு நமக்குக் கிடைத்திருக்கிறது. அவருடைய 150-வது பிறந்த ஆண்டையொட்டி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2019-ல் அவரது உடல்நலப் பதிவுகளைத் தொகுத்து வெளியிட்டது. உயரம் 165 சென்டிமீட்டர். எடை 46.7 கிலோ. பிஎம்ஐ போட்டுப் பார்த்தால் 17.1 வரும். இன்றைய கணக்கில் அது எடை குறைவு. ஜிம்மில் சேரச் சொல்லும் ஆள் இல்லை, ஒழுங்காகச் சாப்பிடுப்பா என்று சொல்ல வேண்டிய ஆள்.

நடையைக் கேட்கவே வேண்டாம். லண்டனில் சட்டம் படித்தபோதே பஸ் காசை மிச்சப்படுத்த தினமும் எட்டுப் பத்து மைல் நடந்தவர். தென்னாப்பிரிக்காவில் தமிழர்கள் பலர் குடும்பத்தோடு தங்கியிருந்த டால்ஸ்டாய் பண்ணையிலிருந்து ஜோகன்னஸ்பர்க் 21 மைல். அந்தத் தூரத்தையும் நடந்தே போனவர். 1930-ல் தண்டி யாத்திரை 24 நாள், சுமார் 385 கிலோமீட்டர். அப்போது அவருக்கு வயசு 60.

உப்பு விஷயம்தான் வேடிக்கை. தென்னாப்பிரிக்காவில் கஸ்தூர்பாவுக்கு உடம்பு சரியில்லாதபோது, உப்பையும் பருப்பையும் விடச் சொன்னார் காந்தி. நீங்க விடுவீங்களா என்று அவர் திருப்பிக் கேட்க, அந்த நிமிஷமே விட்டுவிட்டார் இவர். அப்படி வருஷக்கணக்கில் உப்பில்லாமல் சாப்பிட்டவர்தான் பிற்பாடு ஒரு பிடி உப்புக்காக ஒரு சாம்ராஜ்யத்தையே கலங்கடித்தார்.

அதற்காக நோயே இல்லாத இரும்பு மனிதர் என்று நினைக்க வேண்டாம். 1914-ல் லண்டனில் நுரையீரல் உறை அழற்சி. 1918-ல் சீதபேதியில் சாவின் விளிம்பு வரை போய்வந்தார். 1924 ஜனவரியில் எரவாடா சிறையிலிருந்து புனே சாசூன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன். மலேரியா மூன்று தடவை. இதெல்லாம் வந்தால் தெரியும் நோய்கள். வலிக்கும், காய்ச்சல் அடிக்கும், படுக்கப்போடும். ரத்த அழுத்தம் அப்படியில்லை. அது சத்தமில்லாமல் வந்தது.

கோலாப்பூரில் ஒரு சரிவு, நந்தி மலையில் ஒரு ஓய்வு

1927 மார்ச். கதர் நிதி திரட்ட நாடு முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தார் காந்தி. ஒரு நாளைக்கு ஏழெட்டுக் கூட்டம், ராத்திரி ரயில், காலையில் மறுபடி கூட்டம். கோலாப்பூரில் உடம்பு சரிந்தது. ரத்த அழுத்தமும் அளவுக்கு மீறிய உழைப்பும்தான் காரணம் என்றார்கள் டாக்டர்கள். லேசான பக்கவாதத்தின் வாசல் வரை போய் வந்ததாகவே அப்போது பேசப்பட்டது. அவருக்கு வயசு 57.

மாத்திரை? அப்படி ஒன்று உலகத்திலேயே கிடையாது. ஓய்வுதான் மருந்து. கர்நாடகத்தின் நந்தி மலைக்கு அனுப்பினார்கள். பிறகு பெங்களூரு. வாரக்கணக்கில் ஓய்வெடுத்து எழுந்தவர், ஆகஸ்டில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்தார். மெட்ராஸ், தஞ்சாவூர், மதுரை என்று வந்து, அக்டோபரில் நம்ம திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் வரை போனார். தாமிரபரணிக் கரையில் அவரைப் பார்க்கக் கூடிய ஜனங்களில் எத்தனை பேருக்கு, இந்த மனுஷன் ஆறு மாசம் முன்னாடி படுத்த படுக்கையாக இருந்தவர் என்று தெரிந்திருக்கும்? 1934 ஜனவரியில் தீண்டாமை ஒழிப்புச் சுற்றுப்பயணத்தில் மறுபடி திருநெல்வேலிக்கு வந்தார். அடுத்த வருஷம் டிசம்பரில் வார்தாவில் திரும்பவும் சரிந்தார். காரணம் அதே பிபி.

1937 அக்டோபரில் கல்கத்தா போனபோது நிலைமை இன்னும் மோசம். அக்டோபர் 26 அன்று அளந்தது 194/130. அந்த வருஷக் கடைசியில் பம்பாய் ஜுஹு கடற்கரையில் ஒரு மாசம் ஓய்வு. பேச்சைக் குறைத்தார், கடலோரம் மெதுவாக நடந்தார். 1940 பிப்ரவரி 19-ல் பதிவான அளவுதான் தலைப்பில் நீங்கள் பார்த்த 220/110.

இந்த எண்களைப் பெரும்பாலும் அவரே கடிதங்களில் எழுதிவைத்திருக்கிறார். எழுதியது டாக்டர் சுசீலா நய்யாருக்கு. காந்தியின் செயலாளர் பியாரேலாலின் தங்கை. டெல்லியில் மருத்துவம் படித்து, காந்தியின் சொந்த டாக்டராக ஆனவர். பிற்பாடு இந்தியாவின் சுகாதார அமைச்சராகவும் இருந்தார். இன்றைக்கு நாம் வாட்ஸ்அப்பில் பிபி ரீடிங்கை டாக்டருக்கு அனுப்புகிறோமே, அதை காந்தி தபாலில் செய்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

அது சரி, பிபிக்கும் இதயத்துக்கும் என்ன?

பெரியப்பா கேட்ட கேள்விக்கு இங்கே வருவோம்.

ஆத்துத் தண்ணியை மோட்டார் போட்டு வயலுக்கு இறைக்கிறீர்கள் என்று வையுங்கள். குழாய் நல்ல அகலமாக இருந்தால் மோட்டார் அலட்டிக்கொள்ளாது. குழாய் இறுகினால், அதே தண்ணியைத் தள்ள மோட்டார் முக்கணும். இதயமும் அப்படித்தான். ரத்தக்குழாய்கள் இறுகி அழுத்தம் ஏறினால், உடம்பு முழுக்க ரத்தம் அனுப்பும் இடது கீழறை ஒவ்வொரு துடிப்புக்கும் கூடுதல் பலத்தோடு தள்ள வேண்டும். ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் துடிப்பு. வருஷக்கணக்கில் இதையே செய்தால், எடை தூக்குகிறவனின் கை மாதிரி அந்தத் தசை தடித்துப்போகும்.

கேட்க நல்லா இருக்கு, இல்ல? இதயத்துக்குத் தடித்த தசை நல்லதில்லை. தடித்த சுவர் விறைத்துப்போகும். சுருங்கித் தள்ளுவது நன்றாகவே நடக்கும், ஆனால் தளர்ந்து ரத்தத்தை நிரப்பிக்கொள்வதில் சிக்கல் வரும். நிரம்ப வழியில்லாத ரத்தம் நுரையீரல் பக்கம் தேங்கும். மாடி ஏறினால் மூச்சு வாங்கும். படுத்தால் மூச்சு முட்டும், இரண்டு தலையணை தேவைப்படும். சாயங்காலம் கணுக்கால் வீங்கும். அப்படியே விட்டால் ஒரு கட்டத்தில் தடித்த சுவரும் தளர்ந்து, இதயம் பெரிதாகி, தள்ளும் சக்தியும் குறையும். அதைத்தான் இதயச் செயலிழப்பு என்கிறார்கள்.

இதில் எதுவும் ஆரம்பத்தில் வலிக்காது. அதனால்தான் பிபி இருக்கிறவர்களின் இதயம் எப்படி வேலை செய்கிறது என்று டாக்டர்கள் தேடிப்போய்ப் பார்க்கிறார்கள்.

காந்தியின் காலத்தில் அதற்கு இருந்த கருவிகள் நாலு. முதலாவது, டாக்டரின் கை. இடது மார்பில் ஐந்தாவது விலா இடுக்கில் இதயத்தின் நுனித் துடிப்பு தட்டுப்படும். தடித்த இதயம் கையைத் தூக்கித் தள்ளும். பெரிதான இதயத்தின் துடிப்பு இடப்பக்கம் நகர்ந்துபோயிருக்கும். இரண்டாவது ஸ்டெதாஸ்கோப். மூன்றாவது எக்ஸ்ரே. மார்பின் அகலத்தில் பாதிக்கு மேல் இதயத்தின் நிழல் இருந்தால், அது வீங்கியிருக்கலாம் என்று அர்த்தம். நாலாவது இசிஜி. அதைக் கண்டுபிடித்த நெதர்லாந்தின் ஐந்தோவனுக்கு 1924-ல் நோபல் பரிசு கிடைத்தது.

காந்திக்கும் 1930-களின் கடைசியில் இசிஜி எடுத்திருக்கிறார்கள். அவ்வளவு பிபி இருந்த மனுஷனின் இதயத்தில், அந்த வயசுக்குப் பயப்படும்படியாக எதையும் அது காட்டவில்லை.

அதே நேரம், அமெரிக்காவில் இன்னொருவர்

காந்திக்கு அதிர்ஷ்டம் எவ்வளவு கைகொடுத்தது என்பது புரிய, அதே காலத்தில் அதே நோயோடு வாழ்ந்த இன்னொரு தலைவரைப் பார்க்கணும். அமெரிக்க ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்.

1935-ல் அவருடைய அழுத்தம் 136/78. 1937-ல் 162/98. 1941-ல் 188/105. அவரைப் பார்த்துக்கொண்டவர் காது, மூக்கு, தொண்டை டாக்டர். அழுத்தம் ஏறுவது குறித்துவைக்கப்பட்டதே தவிர, இதயத்தை யாரும் கவனித்துப் பார்க்கவில்லை. 1944 மார்ச்சில் அவர் இருமிக்கொண்டே இருப்பதையும் மூச்சு வாங்குவதையும் பார்த்துப் பயந்துதான் கடற்படை மருத்துவமனைக்கு அழைத்துப்போனார்கள். அங்கே ஹோவார்ட் புரூன் என்ற இளம் இதய நோய் டாக்டர் அவரைச் சோதித்தார்.

186/108. இதயம் பெரிதாகியிருந்தது கையிலேயே தெரிந்தது. எக்ஸ்ரேயிலும் தெரிந்தது. இசிஜியில் மாற்றம். நுரையீரலின் அடியில் நீர் கோத்த சத்தம். பிபியால் வந்த இதயச் செயலிழப்பு என்று எழுதினார் புரூன். உலகப் போரை நடத்திக்கொண்டிருந்த மனுஷனுக்கு. டிஜிட்டாலிஸ் மருந்து, உப்புக் குறைப்பு, ஓய்வு, சிகரெட் குறைப்பு. இரண்டே வாரத்தில் நுரையீரல் தெளிந்தது, இதய நிழலும் கொஞ்சம் சுருங்கியது. ஆனால், அடிப்படை நோயான அழுத்தத்தைக் குறைக்க அவரிடமும் மருந்து இல்லை. அந்த வருஷ நவம்பரில் 260/150. 1945 ஏப்ரல் 12-ம் தேதி மதியம், ஓவியர் ஒருவர் வரைவதற்காக உட்கார்ந்திருந்தபோது பயங்கரத் தலைவலி வந்து சாய்ந்தார். அப்போது மேல் அளவு 300-ஐத் தாண்டியிருந்தது. மூளை ரத்தக்கசிவு. மாலை 3.35-க்கு உயிர் பிரிந்தது. வயசு 63.

உலகத்தின் மிகப் பணக்கார நாட்டு ஜனாதிபதிக்கும் சேவாகிராமம் குடிசையில் இருந்த நம்மூர்க் கிழவருக்கும் கிடைத்த சிகிச்சையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஓய்வு, உப்புக் குறைப்பு, பிரார்த்தனை.

அதே காலத்தில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வால்டர் கெம்ப்னர் என்ற டாக்டர் ஒரு பத்தியம் கொடுத்துப் பார்த்தார். என்ன தெரியுமா? சோறும் பழமும். உப்பு சுத்தமாகக் கிடையாது. அம்பை 16 அரிசிச் சோறு சாப்பிட்டு வளர்ந்த நமக்குச் சிரிப்பு வரும். பலருக்கு அழுத்தம் குறைந்து, எக்ஸ்ரேயில் வீங்கிய இதய நிழல் சுருங்கியதை அவர் காட்டினார். ஆனால், அந்தப் பத்தியத்தை மாசக்கணக்கில் தாங்குவது பலரால் முடியவில்லை. நம்ம ஊர்க் கதைக்கு இது ஒரு எச்சரிக்கையும்கூட. சோறு மட்டும் இருந்தால் போதாது, பக்கத்தில் கல்லிடைக்குறிச்சி அப்பளமும் ஊறுகாயும் கருவாடும் இல்லாமல் இருக்கணும்!

மலை வேரும் பம்பாய் டாக்டரும்

காந்தி ஒன்றை முயன்று பார்த்தார். சர்ப்பகந்தா. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் இமயமலை அடிவாரத்திலும் வளரும் ஒரு சின்னச் செடியின் வேர். பாம்புக்கடிக்கும் மனநோய்க்கும் தலைமுறை தலைமுறையாகக் கொடுக்கப்பட்டது. வட இந்தியாவில் பைத்தியத்துக்கான மருந்து என்றே அதற்குப் பெயர். 1931-ல் கல்கத்தாவின் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் அது ரத்த அழுத்தத்தையும் குறைக்கிறது என்று எழுதினார்கள். பூண்டு, மௌனம், நடை, மண்பட்டி என்று எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கும் காந்தி இதையும் எடுத்துக்கொண்டார்.

பெரியப்பாவின் வேர்ப்பொடியும் இதுதான் என்று கொடுத்தவர் சொன்னாராம். அப்போ அது மருந்துதானே என்று அவர் என்னை மடக்கினார். நியாயமான கேள்வி.

அதற்குப் பதில் ருஸ்தம் ஜால் வக்கீல் என்ற பம்பாய் டாக்டரிடம் இருக்கிறது. பேருதான் வக்கீல், தொழில் இதய மருத்துவம். 1949-ல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் ஒரு கட்டுரை எழுதினார். 50 பிபி நோயாளிகள். அதே செடியின் மாத்திரை. கொடுப்பதற்கு முன்பும் பின்பும் வாராவாரம் அளவு. பெரும்பாலானவர்களுக்கு அழுத்தம் குறைந்திருந்தது. அதுவரை கேள்விப்பட்ட விஷயமாக இருந்தது, அளந்த விஷயமாக மாறியது. உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவன விஞ்ஞானிகள் வேரிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். 1957-ல் வக்கீலுக்கு அமெரிக்காவின் லாஸ்கர் விருது கிடைத்தது.

ஆனால், அளந்தபோதுதான் இன்னொன்றும் தெரிந்தது. அளவு கூடினால் சிலருக்குக் கடுமையான மனச்சோர்வு வந்தது. மூக்கடைப்பு, துடிப்புக் குறைவு எல்லாம் வந்தது. அதனால் இன்றைக்கு அதைவிடப் பாதுகாப்பான மாத்திரைகள் அந்த இடத்துக்கு வந்துவிட்டன. பொட்டலத்தில் வரும் பொடியில் எவ்வளவு ரெசர்பின் இருக்கிறது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, குடிக்கிறவருக்கும் தெரியாது. அளவாகக் கொடுத்தால் மருந்து, அளவு தெரியாமல் குடித்தால் ஆபத்து. செடியும் அழியும் நிலையில் பாதுகாக்கப்பட வேண்டியதாகிவிட்டது.

ஆகா கான் மாளிகையில் மூன்று இதயங்கள்

1942 ஆகஸ்ட். வெள்ளையனே வெளியேறு. காந்தியையும் கூட இருந்தவர்களையும் புனே ஆகா கான் மாளிகையில் சிறைவைத்தார்கள். போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஆகஸ்ட் 15-ம் தேதி காலையில், 25 வருஷமாக நிழல்போல இருந்த செயலாளர் மகாதேவ் தேசாய் திடீரென்று சரிந்து இறந்தார். மாரடைப்பு. வயசு 50. தனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று யாரைப் பற்றி எல்லோரும் பயந்தார்களோ அந்த 72 வயசுக் கிழவர், இளையவரின் உடலைக் கழுவிச் சடங்கு செய்தார்.

1943 பிப்ரவரி 10-ல் காந்தி 21 நாள் உண்ணாவிரதம் தொடங்கினார். பிபி நோயாளி, வயசு 73, மூன்று வாரம் சோறில்லாமல். டாக்டர்கள் கூடினார்கள். கல்கத்தாவிலிருந்து பி.சி.ராய் வந்தார். ஜூலை 1 டாக்டர்கள் தினம் இவர் பெயரில்தான். பம்பாயின் பிரபல இதய மருத்துவர் எம்.டி.டி.கில்டரை எரவாடா சிறையிலிருந்து கொண்டுவந்தார்கள். அவரும் அப்போது ஒரு கைதி! பம்பாய் மாகாண சுகாதார அமைச்சராக இருந்தவர், கைதியாக வந்து இன்னொரு கைதியின் நாடியைப் பிடித்துப் பார்த்தார்.

பதினோராம் நாளையொட்டி நிலைமை எல்லை மீறியது. வெறும் தண்ணீரே குமட்டியது. சிறுநீரகம் திணறியது. நாடி கைக்குச் சிக்காத அளவுக்குத் தளர்ந்தது. தண்ணீரில் கொஞ்சம் சாத்துக்குடிச் சாறு கலந்து கொடுக்க, குமட்டல் நின்று மெதுவாக மீண்டார். மார்ச் 3-ல் உண்ணாவிரதத்தை முடித்தார். இதைப் படித்துவிட்டு பிபிக்கு விரதம் நல்லது என்று யாரும் கிளம்ப வேண்டாம். சுற்றி அத்தனை டாக்டர்கள் இருந்தும் அது மயிரிழையில் தப்பிய கதை.

அடுத்த வருஷம் பிப்ரவரி 22-ல் அதே மாளிகையில், இதய நோயால் மாசக்கணக்கில் அவதிப்பட்ட கஸ்தூர்பா காந்தியின் மடியில் உயிர்விட்டார். மூன்று பேர் உள்ளே போனார்கள். மே 6-ல் விடுதலையானபோது வெளியே வந்தது ஒருவர்தான். அதுவும் ரத்தசோகையும் மலேரியாவுமாக.

அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டுதான் 1947 ஆரம்பத்தில், 77 வயசில், கலவரத்தில் எரிந்த நவகாளியின் ஊர் ஊராக வெறுங்காலோடு நடந்தார். 1948 ஜனவரி 13-ல் டெல்லியில் கடைசி உண்ணாவிரதம். ஆறாவது நாள் முடித்தார். பிபி இருபது வருஷமாகச் செய்ய முடியாததை ஜனவரி 30-ம் தேதி மாலை மூன்று தோட்டாக்கள் செய்தன.

காந்தி தப்பித்தார், அதனால்..?

இங்கேதான் பெரியப்பா உற்சாகமாகிவிட்டார். பார்த்தியா, மாத்திரையே இல்லாம 78 வயசு வரை நடந்திருக்காரு!

இல்லை பெரியப்பா. ஒருத்தர் தப்பித்தார் என்பது கணக்கில்லை. ரூஸ்வெல்ட் தப்பவில்லை. காந்தியின் எடையும் நடையும் சாப்பாடும் அவருக்கு உதவியிருக்கும். ஆனால், அவர் இதயச் சுவர் தடித்திருந்ததா, இல்லையா என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. இசிஜி நார்மலாக இருந்தாலும் சுவர் தடித்திருக்க வாய்ப்பு உண்டு. அதை நேரில் பார்க்கும் எக்கோ அப்போது கிடையாது. ஸ்வீடனில் இங்கே எட்லர், ஹெல்முத் ஹெர்ட்ஸ் இருவரும் ஒலி அலைகளை மார்புக்குள் அனுப்பி இதயத்தின் அசைவைப் பதிவு செய்தது 1953-ல். காந்தி போய் ஐந்து வருஷம் கழித்து.

மாத்திரை உயிர் காக்குமா என்பதற்கும் சரியான கணக்கு 1967-ல்தான் வந்தது. அமெரிக்காவில் எட்வர்ட் ஃப்ரெய்ஸ் என்ற டாக்டர், கீழ் அளவு 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார். ஒரு பிரிவுக்கு நிஜ மாத்திரை. இன்னொரு பிரிவுக்கு வெறும் மாவு மாத்திரை. மாவு மாத்திரைப் பிரிவில் 27 பேருக்குக் கடுமையான பாதிப்பு வந்தது. நிஜ மாத்திரைப் பிரிவில் 2 பேருக்குத்தான். அந்த நிஜ மாத்திரைக் கூட்டணியில் ஒன்று எது தெரியுமா? ரெசர்பின். நம்ம மலைச் செடியிலிருந்து வந்ததேதான். ஆனால் அளந்து, மற்ற மருந்துகளோடு சேர்த்து.

நீங்க என்ன பண்ணணும்?

இதைப் படிக்கிற உங்களுக்கு 25 வயசு இருக்கலாம். அப்பா, அம்மாவுக்கு பிபி இருக்கலாம். அவர்கள் ரிப்போர்ட்டை நீங்கதான் போனில் போட்டோ எடுத்து வைத்திருப்பீர்கள். அதில் எதைப் பார்க்கணும்?

முதலில் பிபியை ஒழுங்காக அளக்கணும். ஐந்து நிமிஷம் அமைதியாக உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கையை இதயத்தின் உயரத்தில் மேஜைமேல் வைத்து, பேசாமல். அரை மணி நேரத்துக்குள் காபி, டீ, சிகரெட் இருக்கக் கூடாது. ஒரே ஒரு தடவை ஏறியதை வைத்துப் பயப்பட வேண்டாம். வெவ்வேறு நாளில் பார்த்தும் டாக்டரின் அறையில் 140/90-க்கு மேலேயே நின்றால், அது பிபிதான்.

இசிஜி எல்லா பிபி நோயாளிக்கும் எடுக்க வேண்டிய எளிய சோதனை. எக்கோ எல்லோருக்கும் கட்டாயம் இல்லை. இசிஜியில் மாற்றம், மூச்சுவாங்கல், கால் வீக்கம், ரொம்ப நாள் கட்டுப்படாத பிபி என்றால் டாக்டர் எழுதுவார். அந்த ரிப்போர்ட்டில் ஈஎஃப் என்று ஒரு சதவிகிதம் இருக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் இடது கீழறை தன்னிடம் உள்ள ரத்தத்தில் எத்தனை சதவிகிதத்தை வெளியே தள்ளுகிறது என்பது அது. 55-க்கு மேல் இருந்தால் பொதுவாக நார்மல். நிறைய பேர் அதோடு மூடிவைத்துவிடுகிறார்கள். பிபி இருக்கிறவர்கள் இன்னும் இரண்டைப் பார்க்கணும். ஒன்று, சுவரின் தடிமன். சாதாரணமாக 10 மில்லிமீட்டருக்குள் இருக்கும். இன்னொன்று, இதயம் தளரும் விதம். ரிப்போர்ட்டில் டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன் என்று எழுதியிருப்பார்கள். முதல் நிலை என்றால் வயசானவர்களுக்குச் சாதாரணமாக வருவதுதான், பதற வேண்டாம், டாக்டரிடம் கேளுங்கள். ஈஎஃப் நன்றாக இருந்தும் மூச்சு வாங்கினால், இந்த இரண்டில்தான் காரணம் ஒளிந்திருக்கும்.

இன்னொரு நல்ல விஷயம், பிபி கட்டுக்குள் வந்தால் தடித்த சுவர் மெல்ல மெல்லக் குறையவும் செய்யும். மாத்திரைக்குக் காசில்லை என்ற கவலையும் வேண்டாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.

பெரியப்பா ஒருவழியாக எக்கோ எடுத்துக்கொண்டார். ஈஎஃப் 62. நிம்மதி என்று எழுந்திருக்கப் போனவரை டாக்டர் உட்காரவைத்து, சுவர் 13 மில்லிமீட்டர் என்பதைக் காட்டினார். தினமும் ஆத்துப் பாலம் வரை போய் வரும் மனுஷனின் இதயம், யாருக்கும் தெரியாமல் இத்தனை வருஷமும் கூடுதல் சுமை தூக்கியிருக்கிறது. பெரியப்பா அந்தத் திரையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வேர்ப்பொடிப் பொட்டலத்தை பெரியம்மா அன்றைக்கே குப்பையில் போட்டுவிட்டார்.

இப்போது காலையில் நடை முடிந்து வந்ததும், கொஞ்ச நேரம் உட்கார்ந்து பிபி பார்க்கிறார். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் அந்த எண்ணை எழுதி வைக்கிறார். வந்த கடிதங்களின் வெற்றுப் பக்கத்தைக்கூட வீணாக்காமல் எழுதியவர் காந்தி என்று சொன்னதிலிருந்து இந்தப் பழக்கம். போன வாரம் ஊருக்குப் போனபோது அந்தக் கட்டை எடுத்துக் காட்டினார். கடைசித் தாளில் இருந்தது 134/82. முதல் தாளையும் அவர் தூக்கிப்போடவில்லை. 176/104 அதில் அப்படியே இருக்கிறது.